மேசைமேல் ஓடிய வண்டி

கம்பத்திலிருந்து பழைய இரும்பு வியாபாரி லாரியோடு மலையேறி வந்த அன்றைக்கு விடிந்ததிலிருந்தே நூல்மழை. ஸ்டேஷன் வளாகத்து மூலையில், பிடிபட்ட மணல் டிப்பருக்கும் எவரும் கேட்டு வராத பைக்குகளுக்கும் நடுவில் ஜிபினின் கார் கிடந்தது. கூரை உட்கார்ந்துவிட்டது. முன்பக்கம் மடங்கியிருந்தது. சக்கரங்களைச் சுற்றிப் புல் முளைத்திருந்தது. டின்சி குடையை மாமியார் இன்பமேரியிடம் கொடுத்துவிட்டுப் பையிலிருந்து ஸ்பேனரையும் கட்டிங் பிளேயரையும் எடுத்தாள்.

“கொஞ்ச நேரம் பொறுங்கண்ணே. உள்ள ஒரு சாமான் கழட்டணும்.”

“டேப்பு கீப்புன்னா அது எப்பவோ போயிருக்கும்த்தா” என்றார் வியாபாரி.

“டேப்பு இல்லண்ணே. இன்ஜினை நடத்துற கம்ப்யூட்டர்ப் பொட்டி. அது மட்டும் போதும்.”

அவர் அவளை ஒரு தடவை பார்த்தார். பிறகு தூரத்தில் குடையோடு நின்ற கிழவியைப் பார்த்தார். “எடுத்துக்கத்தா” என்று சொல்லிவிட்டு லாரி மறைவில் போய் நின்றுகொண்டார்.

இடப்பக்கக் கதவு பாதிதான் திறந்தது. டின்சி ஒருக்களித்து உள்ளே நுழைந்தாள். சீட்டில் கிடந்த கண்ணாடித் தூள் முழங்கையில் குத்தியது. டேஷ்போர்டுக் குழியில், ஜிபின் மென்றுகொண்டே ஓட்டுகிற ஏலக்காய் நாலைந்து பூசணம் பிடித்துக் கிடந்தன. அவற்றைத் தொடாமல், சாமான் வைக்கிற தட்டைப் பெயர்த்து, அதன் பின்னாலிருந்த அலுமினியப் பெட்டியின் போல்ட்டுகளைக் கழற்றினாள். ஒரு போல்ட்டு துருவேறி அடம்பிடித்தது. வயர்க் கொத்தைப் பெட்டியிலிருந்து பிடுங்காமல் ஒரு முழம் விட்டு நறுக்கினாள். மேசையில் வைத்து ஓட்டிப் பார்ப்பதற்கு அந்த ஒரு முழ வயர் வேண்டும்.

இன்பமேரி பலாமரத்தடியில் ரோட்டைப் பார்த்து நின்றிருந்தாள். காரின் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை.

“எடுத்துட்டியா?”

“எடுத்துட்டேன் அத்த.”

“அப்பப் போவோம்.”

பின்னால் சங்கிலி கோத்து வண்டியைத் தூக்குகிற சத்தம் கேட்டது. இருவரும் ஒரே குடையில் நடந்தார்கள். மழை டின்சியின் இடது தோளிலும் இன்பமேரியின் வலது தோளிலும் விழுந்தது.

டின்சியின் கணவன் ஜிபின் இறந்தது தவக்காலத்தில். கம்பத்தில் ஒரு சவாரியை இறக்கிவிட்டுச் சாயங்காலம் வெறும் வண்டியோடு திரும்பி வந்தவன், மலைமேல் மெட்டுக்கு ஏறி வருகிற வளைவு ஒன்றில் திரும்பாமல் நேராகப் போய்விட்டான். அன்றைக்கு மேகம் தரையில் இறங்கியிருந்தது. ரோட்டில் பிரேக் பிடித்த தடமே இல்லை என்று முதலில் பார்த்த லாரிக்காரன் சொன்னான். ஓட்டுநரின் கவனக்குறைவு என்று எழுதிக் கேசை முடித்தார்கள்.

தோட்டத்து லயத்தில் அந்தக் கேஸ் முடியவில்லை. ஒரே தகரத்தின் கீழே ஆறு வீடுகள். ஒரு வீட்டில் பேசுவது மற்ற ஐந்துக்கும் கேட்கும். அவன் இறந்த அன்றைக்குக் காலையில் டின்சிக்கும் ஜிபினுக்கும் சண்டை. டின்சி ஐடிஐயில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். நெடுங்கண்டத்தில் சிஜு சேட்டனின் மொபைல் கடையில் போர்டு பழுது பார்க்கிறவள். கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் அவளுக்கு வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அம்மாவைத் தனியே விட்டுவிட்டு வரமாட்டேன் என்று ஜிபின் சொல்ல, அப்படியென்றால் நான் மட்டும் போகிறேன் என்று அவள் சொல்ல, அவன் சாப்பிடாமல் சாவியை எடுத்துக்கொண்டு போனான். அவ்வளவுதான். ஆறு வீட்டுக்கும் கேட்டது அவ்வளவுதான். ஆனால் மாலையில் சேதி வந்தபோது, காலையில் கேட்டதையும் ரோட்டில் தடம் இல்லாததையும் ஊர் சேர்த்து வைத்துக்கொண்டது.

யாரும் முகத்துக்கு நேரே எதையும் சொல்லிவிடவில்லை. குழாயடிக்கு டின்சி குடத்தோடு போனால் பேச்சு நிற்கும். காலை ஜீப்பில் அவள் ஏறினால் தேவைக்கு மேலேயே நகர்ந்து இடம் விடுவார்கள். அந்த இடத்தில் இன்னொருத்தி தாராளமாக உட்காரலாம். இன்பமேரியிடமும் அப்படித்தான். லயத்தில் யார் வீட்டு ஜெபமாலையானாலும் முன்னால் சொல்ல அவளைத்தான் கூப்பிடுவார்கள். இப்போது வேறு ஒருத்தி சொன்னாள். தானாகச் செத்தவனுடைய தாய் என்று யாரும் சொல்லவில்லை, கூப்பிடவில்லை, அவ்வளவே.

டின்சிக்கு மட்டும் தெரிந்த ஒன்று இருந்தது. இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன் ஜிபின் சொன்னான்: “ஏத்தத்துல வர்றப்ப வண்டி டக்குன்னு அணைஞ்சு போகுது டின்சி. சாவி திருப்புனா ஒண்ணும் தெரியாத மாதிரி ஓடுது. ரெண்டு வாட்டி ஆகிப்போச்சு.”

“ஞாயித்துக்கிழமை வீட்ல நிறுத்து. பாப்போம்.”

அந்த ஞாயிறு யாரோ விருந்தாளி வந்தார்கள். அடுத்த ஞாயிறு சவாரி. அப்புறம் பார்க்கவேயில்லை. வளைவில் இன்ஜின் அணைந்தால் ஸ்டீயரிங் கல்லாகிவிடும்; பிரேக்கும் காலுக்கு அடங்காது. அப்படி நடந்திருந்தால் அவன் திரும்பத்தான் பார்த்திருப்பான், வண்டிதான் திரும்பியிருக்காது.

வீட்டின் பின்னறையில் ஜன்னலை ஒட்டி டின்சியின் மேசை இருந்தது. இப்படியொரு பெட்டி அந்த மேசைக்குப் புதிதில்லை. கல்யாணமான புதிதில், சவாரிக்குக் கோயம்புத்தூர் போன ஜிபின், உக்கடத்துப் பழைய சாமான் கடையிலிருந்து ஏதோ ஒரு காரின் இன்ஜின் பெட்டியை அவளுக்கென்று வாங்கி வந்தான். மல்லிகைப் பூவும் அதே பையில் இருந்தது. அந்தப் பெட்டியை இருவரும் சேர்ந்து மேசையில் ஓட்டினார்கள். இன்ஜின் சூடானால் விசிறியைப் போடு என்று அதற்குள் ஒரு கணக்கு உண்டு. சூடு பார்க்கிற சென்சாரோடு ஒரு ரெசிஸ்டரைச் சேர்த்து ஏமாற்றி, கொல்லையில் காய்க்கிற ஏலக்காயை உலர்த்தும் தகர அலமாரிக்கு அதையே காவல் வைத்தாள் டின்சி. சூடு ஏறினால் விசிறி தானாகச் சுற்றும். “கார் வாங்கி அதுல காய் காயப்போட்டவ எம்பொண்டாட்டி ஒருத்திதான்” என்று ஜிபின் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னான்.

இப்போது அவனுடைய சொந்த வண்டியின் பெட்டி அதே மேசையில் இருந்தது.

அவசரப்படாமல்தான் ஆரம்பித்தாள். கடையிலிருந்து வந்து, முகம் கழுவி, பாலில்லாத கட்டஞ்சாயாவோடு உட்கார்ந்தால் தகரத்தில் மழைச் சத்தம் மட்டும் கேட்கும். எந்த வயர் எதற்கு என்று நிறத்தை வைத்துத் தேடி ஒவ்வொன்றாகக் காகிதச் சீட்டு ஒட்டினாள். பழைய மாடல் வண்டி. சாவியில் சிப் கிடையாது. அதனால் ஒரு சிக்கல் குறைந்தது. பைக் பேட்டரியிலிருந்து கரண்ட் கொடுத்தாள். பெட்ரோல் தெளிக்கிற இன்ஜெக்டர்கள் இருக்கவேண்டிய இடத்தில் நாலு சின்ன பச்சை எல்இடி வைத்தாள். இன்ஜின் சுற்றுகிறது என்று பெட்டிக்குச் சொல்வது கிராங்க் சென்சார். அது அனுப்புகிற துடிப்பைப் பொய்யாக உண்டாக்க ஒரு குட்டி போர்டில் புரோகிராம் எழுதி, வயர் செருகுகிற துளைப் பலகை வழியாக ஒற்றை மஞ்சள் வயரில் பெட்டிக்குக் கொண்டுபோனாள். அந்தத் துடிப்பு உள்ளே போனால் இன்ஜின் ஓடுகிறது என்று பெட்டி நம்பிவிடும். பெட்ரோலைத் தெளிக்கச் சொல்லும். எல்இடிகள் முறை வைத்து மின்னும்.

இன்பமேரி சமையலறை வாசலில் நின்று பார்ப்பாள். பகலெல்லாம் ஏலச்செடியின் தூரில் குந்தி உட்கார்ந்து சரத்திலிருந்து காய் பறித்தவள். விரல்கள் கறையேறிக் கறுத்திருக்கும். கெண்டைக்காலில் அட்டை கடித்த இடத்தைச் சொறிந்துகொண்டே நிற்பாள்.

“கஞ்சி ஆறுது.”

“வாரேன் அத்த.”

வரமாட்டாள். இன்பமேரி தட்டை மூடி வைத்துவிட்டுப் படுத்துவிடுவாள். காலையில் அந்தக் கஞ்சி அப்படியே இருக்கும்.

பழைய கரண்ட் கம்பங்களெல்லாம் காற்றில் ஆடிய ஒரு மாலையில் எல்லாம் தயாரானது. டின்சி சுவிட்சைப் போட்டாள். பச்சை விளக்குகள் ஒன்று, மூன்று, நாலு, இரண்டு என்று மின்னத் தொடங்கின. பெட்டியோடு இணைத்திருந்த செல்போன், வண்டி நிதானமாக ஓடுகிற வேகத்தைக் காட்டியது. அவள் வேகத்தைக் கூட்டினாள். குறைத்தாள். பெட்டியைத் தட்டினாள். முடி உலர்த்துகிற மெஷினால் சூடேற்றினாள். ஒரு விளக்கும் தவறவில்லை.

இன்பமேரி பக்கத்தில் வந்து நின்றாள். “எரியுதா?”

“எரியுது.”

“எரிஞ்சா நல்லதா, கெட்டதா?”

“எரிஞ்சா பொட்டி நல்லாருக்குன்னு அர்த்தம் அத்த.”

“அப்ப வண்டில கோளாறு இல்ல.”

“பொட்டில இல்ல.”

இன்பமேரி அந்த விளக்குகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். அன்றைக்கு அந்த வீட்டில் இருவருமே சாப்பிடவில்லை.

மறுநாள் மாலை டின்சி வந்து சுவிட்சைப் போட்டபோது பெட்டிக்கு உயிர் இருந்தது. செல்போனில் எல்லாம் தெரிந்தது. ஆனால் இன்ஜின் வேகம் பூஜ்யம். விளக்குகள் இருண்டு கிடந்தன. மேசையை ஒரு தட்டுத் தட்டினாள். விளக்குகள் இரண்டு தடவை மின்னிவிட்டு அணைந்தன. மறுபடி தட்டினாள். மறுபடி மின்னி அணைந்தன.

“அத்தே! அத்தே, இங்க வாங்க!”

இன்பமேரி அகப்பையோடு ஓடி வந்தாள்.

“இதான் அத்த. இதேதான் அவரு சொன்னது. டக்குன்னு அணையுது, பெறகு ஓடுது. உள்ள எங்கயோ ஈயம் விட்டுருக்கு. ஆட்டம் குடுத்தா துடிப்பு உள்ள போக மாட்டேங்குது.”

“அப்படின்னா?”

“அப்படின்னா வளைவுல இன்ஜின் அணைஞ்சிருக்கு. அவரு திருப்பித்தான் பாத்திருப்பாரு.”

சொல்லும்போதே டின்சிக்குச் சிரித்த மாதிரி ஒரு சத்தம்தான் வந்தது. அன்றைக்குக் கப்பைக் கிழங்கும், காந்தாரி மிளகாய் அரைத்த சம்மந்தியும். டின்சி இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். தட்டில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்தாள். இன்பமேரி தன் தட்டைத் தொடாமல் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்கடுத்த நாள் மேசையை இழுத்துப் போட்டுச் சோதித்தாள். விளக்குகள் பிசகாமல் மின்னின. எவ்வளவு நேரம் தட்டியும் அணையவில்லை. டின்சியின் முகம் மறுபடி கருத்தது. சோற்றைப் பிசைந்துவிட்டுக் கை கழுவினாள். மறுநாள் மாலை விளக்கு எரியவில்லை. பிறகு இரண்டு நாள் எரிந்தது. பிறகு எரியவில்லை. இப்படி வந்து வந்து போகிற கோளாறுதான் கண்டுபிடிக்கக் கஷ்டமானது என்று டின்சிக்குத் தெரியும். வயரை முதலில் பார், பிறகு போர்டைப் பார் என்று கடைக்கு வேலை பழக வருகிறவர்களுக்குச் சொல்கிறவள் அவள்தான். ஆனாலும் தன் மேசையில் அந்த மஞ்சள் வயரை அவள் ஒரு தடவைகூடப் பிடித்துப் பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை என்று அவளால் பிற்பாடும் சொல்ல முடியவில்லை.

ஜீப் ஓட்டுகிற ஜின்சன் ஜிபினுக்குச் சேக்காளி. அவனிடம் ஒரு காலையில் டின்சி சொல்லிவிட்டாள். முன்சீட்டில் இருந்ததால் மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் ஜின்சன் வண்டியை அப்படியே ஓரங்கட்டி நிறுத்திவிட்டான்.

“மதினி, நெசமாவா?”

“நானே பாத்தேன் ஜின்சா. ஒரு நாள் எரியுது, ஒரு நாள் எரியல.”

“நான் அன்னைக்கே சொன்னேன், அவன் அப்படி ஆள் இல்லைன்னு. எவன் கேட்டான்?” ஜின்சன் பின்னால் திரும்பி, காய் எடுக்கப் போகிற பெண்கள் அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான். “கேட்டுக்கங்க. வண்டிக் கோளாறு. ஜிபின் வண்டில கம்ப்யூட்டரே கெட்டுக் கெடந்திருக்கு. மதினி கண்டுபிடிச்சுட்டாங்க.”

பின்னாலிருந்து யாரோ “யேசுவே” என்றார்கள். பிலோமி என்கிற பக்கத்து வீட்டுக்காரி எட்டி டின்சியின் தோளைத் தொட்டாள். “நாங்க அப்பவே நெனச்சோம்த்தா” என்றாள். அவள் அப்பொழுது என்ன நினைத்தாள் என்பது டின்சிக்குத் தெரியும். இருந்தாலும் தோளில் வைத்த கை சூடாக இருந்தது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவளைத் தொட்ட வேற்று மனுஷியின் கை அது.

அந்த வாரமே லயம் மாறிவிட்டது. பிலோமி மீன் குழம்பு கொடுத்தனுப்பினாள். குழாயடியில் பேச்சு நிற்கவில்லை. மாதா திருநாளுக்கான ஜெபமாலைக்கு இன்பமேரியை வந்து கூப்பிட்டார்கள். முன்னால் உட்கார வைத்தார்கள். இன்பமேரி போனாள். முட்டிபோட்டு மணியை உருட்டினாள். ஆனால் முன்மொழி சொல்லச் சொன்னபோது, தொண்டை சரியில்லை என்று பிலோமியையே சொல்லச் சொல்லிவிட்டாள்.

ஜின்சன் அதோடு விடவில்லை. கொச்சியில் இந்தப் பெட்டிகளையே திறந்து பார்க்கிற ஒரு வொர்க்ஷாப் இருப்பதாக விசாரித்து வந்தான்.

“அவங்ககிட்ட எழுதி வாங்குவோம் மதினி. அதைக் கொண்டுபோய் ஸ்டேஷன்ல குடுத்து, கேசைத் திருப்பி எழுதச் சொல்லுவோம். திங்கக்கிழமை போயிரலாம். என் வண்டியிலயே.”

“போவோம்” என்றாள் டின்சி.

அடுப்படியில் இருந்த இன்பமேரி கேட்டாள். “அவங்க என்னா செய்வாங்க?”

“தொறந்து பாப்பாங்க பெரியம்மா. அவங்ககிட்டப் பெரிய மெஷின் இருக்கு. எது கெட்டுருக்குன்னு டக்குன்னு சொல்லிருவாங்க.”

“பொய் சொல்ல மாட்டாங்களே?”

“அவங்க எதுக்குப் பெரியம்மா பொய் சொல்லப் போறாங்க?”

இன்பமேரி அடுப்பில் விறகைத் தள்ளினாள். ஈர விறகு, புகைதான் வந்தது.

வெள்ளிக்கிழமை பகலில் காற்று முற்றி, நெடுங்கண்டம் போகிற வழியில் மரம் சாய்ந்து லைன் கம்பிமேல் விழுந்தது. கடையில் கரண்ட் இல்லை. “இனி இன்னைக்கு வராது. நீ போய்க்கோ டின்சி” என்று சிஜு சேட்டன் ஷட்டரை இறக்கினார். டின்சி கிடைத்த ஆட்டோவில் ஏறி, மரம் வெட்டுகிற இடத்தில் இறங்கி நடந்து, அந்தப் பக்கம் ஒரு ஜீப்பைப் பிடித்து, இருட்டுவதற்கு வெகு முன்னதாகவே லயத்துக்கு வந்துவிட்டாள். மழையால் தோட்டத்திலும் வேலையைப் பாதியில் விட்டிருந்தார்கள். கொல்லைப் பக்கமாக வந்தவள் பின்னறை ஜன்னலைத் தற்செயலாகத்தான் பார்த்தாள்.

இன்பமேரி மேசைக்கு முன்னால் நின்றிருந்தாள். நனையாமலிருக்க இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட இன்னும் அவிழ்க்கவில்லை. அதிலிருந்து தரையில் நீர் சொட்டிக்கொண்டிருந்தது. கண்ணை இடுக்கிக்கொண்டு துளைப் பலகையின்மேல் குனிந்திருந்தாள். கறுத்த இரண்டு விரல்கள் மஞ்சள் வயரின் நுனியைப் பிடித்தன. காய்க்குக் காயம் படாமல் சரத்திலிருந்து கிள்ளுகிற விரல்கள் அவை. வயரை முழுக்க எடுக்கவில்லை. கொஞ்சமாக மேலே தூக்கி, துளையின் வாயிலேயே நிற்கிற மாதிரி விட்டாள். தள்ளி நின்று பார்த்தாள். பிறகு அதைச் சரியாக முன்பு போலவே வளைத்து வைத்தாள்.

டின்சி ஜன்னலுக்கு வெளியே மழையில் நின்றாள். ஓடிப்போய்க் கத்த வேண்டும் என்று தோன்றவில்லை. இன்பமேரி நிமிர்ந்தபோது இருவரும் ஜன்னல் கம்பி வழியாக ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

டின்சி உள்ளே வந்து, செருப்பைக் கழற்றி, தலையைத் துவட்டினாள். இன்பமேரி அதே இடத்தில் நின்றிருந்தாள்.

“எத்தனை நாளா?”

“மொத நாளு நான் வேணும்னு செய்யல பிள்ள. சத்தியமா. தூசி தட்டுறப்பத் துணி மாட்டிருச்சு. எதுல மாட்டுச்சுன்னு பாத்தேன். இந்த வயரு. ஒன்கிட்டச் சொல்லணும்னுதான் இருந்தேன்.”

“பெறகு ஏன் சொல்லல?”

“நீ என்னையக் கூப்பிட்டுக் காமிச்சியே. அப்பவே சொல்லிருக்கணும். ஒம்மொகத்தப் பாத்தேன். சொல்ல வாய் வரல.”

“மத்த நாளு?”

“மத்த நாளு நான்தான். மனசு கேக்காம அழுத்தி வைப்பேன், நீ திங்காட்டி மறுபடி தூக்கி விட்ருவேன்.”

டின்சி நாற்காலியில் உட்கார்ந்தாள். “ஊருக்காகவா அத்த? அவரு தானா விழுந்தாருன்னு சொல்லிறக் கூடாதுன்னா?”

“ஊரு என்னா சொன்னா எனக்கென்னா? சொன்னதையெல்லாம் கேட்டுட்டுத்தான இம்புட்டு நாளும் அவங்களோட காய் எடுத்தேன்.” இன்பமேரி சாக்கின் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். நனைந்த முடிச்சு, அவிழவில்லை. “வெளக்கு எரியாத அன்னைக்கு நீ சோறு திங்கிற. எரியிற அன்னைக்குத் திங்க மாட்டேங்கிற. அம்புட்டுத்தான் எனக்குத் தெரிஞ்சது. அவன் போனதுலருந்து நீ திங்கிறதே இல்ல. எலும்பாப் போயிட்ட. வேற என்னா செய்யச் சொல்ற என்னைய?”

டின்சி வாயைப் பொத்திக்கொண்டாள்.

“தப்புத்தான்” என்றாள் இன்பமேரி. “திங்கக்கிழமை கொச்சிக்குப் போயித் தொறந்து பாத்தா நல்லாருக்குன்னுதான் சொல்லுவாங்க. அங்க வச்சு நீ எப்படித் தாங்குவன்னு எனக்கு ஒறக்கமே இல்ல. இன்னைக்கு அந்த வயரை ஒடிச்சே போட்ருவோமான்னுகூட நெனச்சேன். அத ஒடிச்சாலும் ஒங்கிட்ட வேற வயரு இருக்கும்ல.”

வெளியே யாரோ லயத்து முன்னால் தகரத்துக்குக் கல் தூக்கி வைக்கிற சத்தம் கேட்டது. காற்று இன்னும் அடங்கவில்லை. டின்சி கையை நீட்டி, மஞ்சள் வயரைத் துளைக்குள் அழுத்தினாள். சுவிட்சைப் போட்டாள். பேட்டரியில் கரண்ட் இருந்தது. பச்சை விளக்குகள் மின்னத் தொடங்கின.

“பொட்டி நல்லாத்தான் இருக்கு அத்த. மொத நாளே எனக்குத் தெரியும்.”

“அப்ப அவன்...”

“அது தெரியாது. பொட்டி நல்லாருந்தாலும் வண்டி அணையும். சென்சாரு கெட்டுருக்கலாம். வயரு விட்டுருக்கலாம். அதெல்லாம் லாரில போயிருச்சு, இந்நேரம் உருக்கியிருப்பாங்க. மேகத்துல வளைவு தெரியாமப் போயிருக்கலாம். காலைல பட்டினியாப் போனாரு, கண்ணு இருட்டிருக்கலாம்.” அவள் நிறுத்தினாள். “இல்ல, அவங்க சொல்ற மாதிரியே...”

“சொல்லாத.”

“சொல்லல.”

இன்பமேரி சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தாள். டின்சி நாற்காலியிலிருந்து இறங்கி அவள் முன்னால் முட்டிபோட்டு, சாக்கின் நனைந்த முடிச்சைப் பல்லாலும் நகத்தாலும் அவிழ்த்தாள். அவிழ்த்த பிறகும் எழுந்திருக்கவில்லை. கிழவியின் மடியில் நெற்றியை வைத்தாள். ஈரச் சாக்கு நாற்றமும் ஏலக்காய் வாசனையும் அடித்தது. இன்பமேரியின் கை அவள் தலைமேல் வந்தது; தட்டிக்கொடுக்கவில்லை, வெறுமனே கிடந்தது. இருவரும் அழுதார்கள். சேர்ந்து அழுதது அதுதான் முதல் தடவை. அடக்கத்தன்றுகூட ஆளுக்கொரு பக்கம் நின்றுதான் அழுதிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஜின்சனிடம், கொச்சிக்குப் போக வேண்டாம் என்று டின்சி சொன்னாள். பெட்டி நன்றாக இருக்கிறது, வயர்தான் நழுவியிருந்தது, நான்தான் கவனிக்கவில்லை என்றாள். ஜின்சன் வெகுநேரம் செருப்பால் மண்ணைக் கிளறிக்கொண்டு நின்றான்.

“இத நான் எப்படி மதினி திருப்பிச் சொல்லுவேன்? எல்லார்ட்டயும் சொல்லிட்டேனே.”

“நீ சொல்ல வேணாம்.”

திங்கட்கிழமை காலை ஜீப்பில் கூட்டம். டின்சி எப்போதும் போல மெயின்ரோட்டுச் சந்திப்பில் இறங்கி நெடுங்கண்டம் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். முன்சீட்டில் வேறு ஆள் இருந்ததால் பின்னால் இன்பமேரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். தூக்குவாளிகளும் சாக்குகளும் முட்டிக்கு முட்டி இடித்தன. பிலோமிதான் கேட்டாள்.

“இன்னைக்குக் கொச்சி போறதாச் சொன்னீங்களே அக்கா? போகலையா?”

ஜின்சன் கண்ணாடியில் பார்த்தான். டின்சி வாயைத் திறக்கப் போனாள். இன்பமேரி அவள் தொடைமேல் கையை வைத்து அமுக்கினாள்.

“போகல. பொட்டி நல்லாத்தான் இருக்காம்.”

டயருக்கடியில் சரளை நொறுங்குவது கேட்டது. யாரோ இருமினார்கள்.

“அப்ப...” என்று இழுத்தாள் பிலோமி.

“எம்மகன் எப்படிச் செத்தான்னு எங்களுக்குத் தெரியாது பிலோமி” என்றாள் இன்பமேரி. குரலை உயர்த்தவுமில்லை, தாழ்த்தவுமில்லை. “எனக்கும் தெரியாது, இவளுக்கும் தெரியாது. ஒங்களுக்கும் தெரியாது. ஆண்டவருக்குத் தெரியும். அவரா என்னையக் கூப்பிட்டுச் சொல்ற வரைக்கும், எவளும் எங்கிட்ட வந்து அவன் இப்படிச் செத்தான் அப்படிச் செத்தான்னு சொல்லக் கூடாது. நல்லதுக்கும் சொல்லக் கூடாது.”

பிலோமி தன் தூக்குவாளியை மடியிலிருந்து எடுத்துக் காலுக்கடியில் வைத்தாள். நகர்ந்து யாரும் இடம் விடவில்லை, விட இடமுமில்லை. வளைவில் ஜீப் சாய்ந்தபோது எல்லோரும் ஒருவர்மேல் ஒருவர் சரிந்து, நிமிர்ந்துகொண்டார்கள்.

சந்திப்பில் டின்சி இறங்கினாள். மேகம் ரோட்டில் உட்கார்ந்திருந்தது. எதிர்ப்பக்கக் கடையின் பல்பு மட்டும் மங்கலாகத் தெரிந்தது. அவள் குடையை விரித்து நடக்கத் தொடங்கியபோது ஜீப்பின் தார்ப்பாயை விலக்கி இன்பமேரி தலையை நீட்டினாள்.

“ஏத்தா! அந்தக் கோயமுத்தூர்க்காரங்க நம்பரு இருக்கா ஒங்கிட்ட?”

“இருக்கு அத்த. ஏன்?”

“ரெண்டு பேரு தங்குற மாதிரி வீடு குடுப்பாங்களான்னு கேளு. சும்மா கேட்டு வையி.”

ஜின்சன் கியரைப் போட்டான். ஜீப் இரண்டு வளைவு வரைக்கும் சத்தமாகக் கேட்டு, பிறகு கேட்காமல் போனது. டின்சி பஸ் வருகிற திசையைப் பார்த்து நின்றாள். அவளைத் தவிர அங்கே யாருமில்லை. செல்போனை எடுத்து அந்த நம்பரைத் தேடினாள், கண்டுபிடித்தாள். இவ்வளவு காலையில் யார் எடுப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே காதில் வைத்தாள். மறுமுனையில் மணி அடிக்கத் தொடங்கியது.